கிணற்று மோட்டார் சூடாகிறதா? கழற்றுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்

மோட்டார் சூடாகிறது என்றதும் பலர் முதலில் செய்வது பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதுதான். அப்படியும் சூடு அடங்கவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு ஏற்றிவிடுகிறார்கள். புதுக் காயில் போட்டு வந்த மோட்டார் அதே லைனில், அதே பம்பில், அதே ஸ்டார்ட்டரில் மாட்டப்பட்டு, சில மாதங்களில் மறுபடி எரிகிறது. கோளாறு மோட்டாருக்கு வெளியே இருந்திருக்கும். அதை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

இங்கே எழுதியிருப்பது 3 முதல் 10 எச்.பி. வரையிலான மூன்று ஃபேஸ் விவசாய மோட்டார்களுக்கு. அரவை மில், மர அறுவை மோட்டார்களுக்கும் பம்பு பற்றிய பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஓடும்போது அளக்க வேண்டியதை முதலில் அளந்துவிட வேண்டும். நிறுத்திப் பிரித்துவிட்டால் பாதித் தடயம் போய்விடும்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர், மல்டிமீட்டர், தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெகர், ஒரு நோட்டு. மெகரை இரவல் வாங்கிக்கொள்ளலாம். டாங் டெஸ்டர் சொந்தமாக இருப்பது நல்லது, ஏனென்றால் இந்த வேலையின் பெரும்பகுதி அதில்தான் நடக்கிறது.

புதிதாக டாங் டெஸ்டர் பிடிப்பவர்கள் மூன்று ஒயரையும் சேர்த்துக் கவ்வ வைத்துவிட்டு, 'மீட்டர் ஜீரோ காட்டுகிறது, ரிப்பேர்' என்பார்கள். மூன்று ஃபேஸ் கரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று சரிக்கட்டி ஜீரோதான் வரும். ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் கவ்வுங்கள்.

கரண்ட் ஓடும்போது அளப்பது வயர்மேன் வேலை. பழக்கமில்லாதவர்கள் அருகில் நின்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் அறையில் தரை ஈரமாகவே இருக்கும். காய்ந்த பலகையோ ரப்பர் மேட்டோ போட்டு, அதன் மேல் நின்று செய்யுங்கள். நிறுத்திச் செய்யும் வேலை என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லை என்பதை மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

## 2. முதலில், இது உண்மையிலேயே அதிகச் சூடா?

கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 60 டிகிரி இரும்பில் யாராலும் சில நொடிகளுக்கு மேல் கை வைத்திருக்க முடியாது. ஆனால் முழுச் சுமையில் ஓடும் நல்ல மோட்டாரின் உடம்பு 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். கை சுடுகிறது என்பதற்காக நல்ல மோட்டாரைப் பிரித்தவர்கள் நிறைய பேர்.

நேம் பிளேட்டில் இன்சுலேஷன் கிளாஸ் இருக்கும். பி கிளாஸ் வைண்டிங் 130 டிகிரி வரையும், எஃப் கிளாஸ் 155 டிகிரி வரையும் தாங்கும். உள்ளே இருக்கும் வைண்டிங் வெளி உடம்பைவிட 20, 30 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கலாம். அதனால் பி கிளாஸ் மோட்டாரின் உடம்பு 80 டிகிரியையும், எஃப் கிளாஸ் 90 டிகிரியையும் தாண்டினால் நான் காரணம் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், தாங்கும் அளவைவிட ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. மோட்டார் அன்றே எரியாது. பல வருடம் உழைக்க வேண்டியது சில வருடத்தில் போய்விடும்.

சூட்டை அளக்கும்போது இரண்டு விஷயம். மோட்டார் இரண்டு மணி நேரமாவது ஓடிய பிறகு அளக்க வேண்டும். அதற்கு முன் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அப்புறம், பளபளக்கும் அலுமினிய உடம்பில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் பாருங்கள்.

வார்னிஷ் கருகும் வாசனை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே நிறுத்துங்கள்.

## 3. நேம் பிளேட்டை எழுதி வையுங்கள்

எச்.பி., வோல்ட், முழுச்சுமை ஆம்பியர், வேகம், இன்சுலேஷன் கிளாஸ்; பம்பு பிளேட்டில் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை மீட்டர் வரை என்பது. பிளேட் மேல் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் தின்னர் தொட்டுத் துடைத்தால் எழுத்து தெரியும்.

பிளேட்டே இல்லை என்றால் 415 வோல்ட்டில் எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 5 எச்.பி.க்கு ஏழரை, 10 எச்.பி.க்கு 14, 15. சப்மெர்சிபிள் மோட்டார் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இழுக்கும்.

## 4. வோல்டேஜ்: ஓடும்போது, மூன்று ஜோடியும்

மோட்டார் நிற்கும்போது 420 வோல்ட் காட்டும் லைன், மோட்டாரைப் போட்டதும் 370க்கு இறங்கிவிடும். நின்றபடி அளந்து 'வோல்டேஜ் நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில் பயனில்லை. மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டரின் அவுட்கோயிங் முனையில் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் (ஆர், ஒய், பி என்பது மூன்று ஃபேஸின் பெயர்: சிவப்பு, மஞ்சள், நீலம்) என்று மூன்றையும் அளந்து எழுதுங்கள்.

வோல்டேஜ் குறைந்தாலும் பம்பின் சுமை பெரிதாகக் குறைவதில்லை. அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. வைண்டிங்கில் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், கரண்ட் 10% கூடினால் சூடு 21% கூடும். 20% கூடினால் 44%. பிளேட்டில் 350 முதல் 440 வோல்ட் என்று போட்டிருக்கலாம். 350இல் ஓடும் என்பதுதான் அதற்கு அர்த்தம். குளிர்ச்சியாக ஓடும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

குறைந்த வோல்டேஜைவிட மோசமானது மூன்றும் ஒன்றுபோல் இல்லாதது. உதாரணமாக 400, 410, 384 வருகிறது என்று வையுங்கள். சராசரி 398. அதிலிருந்து மிகவும் விலகியிருப்பது 384. விலகல் 14 வோல்ட். 14ஐ 398ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.5%.

பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் இந்தச் சதவீதத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால் சூடு எவ்வளவு கூடும் என்பது தோராயமாகக் கிடைக்கும்: 3.5 × 3.5 × 2, அதாவது 25%. 1% வரை பரவாயில்லை. 5%க்கு மேல் போனால் மோட்டாரை ஓட்டவே கூடாது.

## 5. ஆம்பியர்: மூன்று லைனும்

ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று ஒயரையும் தனித்தனியாகக் கவ்வி எழுதுங்கள். வருகிற எண்களை வைத்தே அடுத்து எங்கே போவது என்று முடிவாகிவிடும்.

மூன்றும் சமமாக, ஆனால் பிளேட்டில் போட்டதைவிட அதிகமாக இருந்தால் வோல்டேஜ் குறைவு அல்லது பம்பு சுமை. 4ஆம் படியில் வோல்டேஜ் சரியாக இருந்ததென்றால் நேராக 8ஆம் படிக்குப் போங்கள்.

மூன்றும் சமமாக, பிளேட் அளவுக்குள்ளேயே இருந்தும் சூடு அதிகம் என்றால் காற்றோட்டம் அல்லது பேரிங்: 9, 10ஆம் படிகள்.

ஒன்று மட்டும் விலகியிருந்தால் 6ஆம் படி. ஒன்று ஜீரோ என்றால் உடனே நிறுத்திவிட்டு 12ஆம் படிக்குப் போங்கள்.

## 6. கோளாறு லைனிலா, மோட்டாரிலா?

ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒரு ஃபேஸில் ஆம்பியர் கூடியதும் 'காயில் ஷார்ட்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காசு செலவில்லாமல் இதை உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது.

ஆர் லைனில் 8.6, ஒய் லைனில் 6.9, பி லைனில் 7.1 வருகிறது என்று வைப்போம். சராசரி 7.5, ஆர் அதிலிருந்து 14% விலகியிருக்கிறது. 10%க்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரின் இன்கமிங் முனைகளுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். 1இல் இருந்த ஆர் ஒயரை 2க்கும், 2இல் இருந்த ஒய் ஒயரை 3க்கும், 3இல் இருந்த பி ஒயரை 1க்கும் மாற்றுங்கள். மூன்றையும் நகர்த்த வேண்டும். இரண்டை மட்டும் மாற்றினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மூன்றையும் ஒரு இடம் தள்ளினால் சுற்றும் திசை மாறாது.

மறுபடி ஓட்டி அளங்கள். அதிக ஆம்பியர் இப்போதும் ஆர் ஒயரிலேயே இருந்தால் கோளாறு சப்ளையில். 1ஆம் முனையிலேயே, அதாவது இப்போது பி ஒயரில், அதிகம் வந்தால் கோளாறு ஸ்டார்ட்டருக்குக் கீழே: ஸ்டார்ட்டர் கான்டாக்ட், கேபிள், வைண்டிங் மூன்றில் ஒன்று.

சப்ளை என்று தெரிந்தால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். டிரான்ஸ்பார்மரில் லூஸ் ஜம்பர், கருகிய ஃபியூஸ் கட்டை, ஒரே ஃபேஸில் வீட்டு இணைப்புகள் குவிந்திருப்பது என்று காரணம் பல இருக்கும். அளந்த எண்களை எழுதிக் கொண்டுபோய் மின்வாரிய அலுவலகத்தில் கொடுங்கள். 'மோட்டார் சூடாகுது சார்' என்பதைவிட 'ஓடும்போது 400, 410, 384 வருது சார்' என்பதற்கு மதிப்பு அதிகம்.

## 7. இணைப்புகளும் கேபிளும்

கோளாறு ஸ்டார்ட்டருக்குக் கீழே என்றால் வைண்டிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் இணைப்புகளைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டி, ஓடும்போதே ஒவ்வொரு முனையிலும் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடச் சூடாக இருந்தால் அதுதான் லூஸ்.

நிறுத்திவிட்டுத் திறந்தால் லூஸ் முனையின் செம்பு நிறம் மாறியிருக்கும். ஒயர் தோல் இறுகி, வளைத்தால் பொடியும். அதை அப்படியே முறுக்கி இறுக்கினால் போதாது. கருகிய பகுதியை வெட்டிவிட்டு, புது லக் அடித்து மாட்டுங்கள். ஸ்டார்ட்டர் கான்டாக்டில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் செட்டாக மாற்றிவிடுவது நல்லது. தேய்த்தால் மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு போய், முன்னைவிடச் சூடாகும்.

கேபிள் நீளத்தையும் கணக்கில் எடுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 7.4 ஓம் தடை. 300 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு அந்த ஒயரில் 5 எச்.பி. மோட்டார் ஓட்டினால் 25 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 16 வோல்ட் அளவுக்குக் குறையும். கிணறு தூரமாக இருந்தால் 4ஆம் படி அளவை மோட்டார் டெர்மினல் பெட்டியிலும் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

## 8. பம்பு சுமை: வால்வை மூடினால் ஆம்பியர் குறையும்

சாதாரண சென்ட்ரிஃபூகல் பம்பில் நம்ப முடியாத மாதிரி ஒன்று நடக்கும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடினால் மோட்டாரின் சுமை குறையும். முழுக்கத் திறந்தால் ஏறும். தண்ணீர் அதிகம் தள்ளத் தள்ள பம்பு கேட்கும் சக்தியும் ஏறுவதுதான் காரணம்.

கோடையில் நன்றாக ஓடிய மோட்டார் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சூடாவது இதனால்தான். கிணற்றில் தண்ணீர் மேலே வந்ததும் தூக்க வேண்டிய உயரம் குறைகிறது, பம்பு தாராளமாகக் கொட்டுகிறது, மோட்டார் ஓவர்லோடு ஆகிறது. 'தண்ணி நல்லா வருது' என்று சந்தோஷப்படும் நேரத்தில் ஆம்பியரைப் பாருங்கள். பம்பு பிளேட்டில் ஹெட் 24 முதல் 36 மீட்டர் என்று இருக்க, உங்கள் கிணற்றில் மொத்தமே 12 மீட்டர்தான் தேவை என்றால் அந்தப் பம்பு அந்தக் கிணற்றுக்கு உரியதல்ல.

சோதிப்பது எளிது. ஒரு லைனில் டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டு, டெலிவரி கேட் வால்வை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். ஆம்பியர் பிளேட் அளவுக்கு இறங்கியதும் நிறுத்தி, அந்த இடத்தில் வால்வுத் தண்டில் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். முழுக்க மூடி ஓட்ட வேண்டாம். உள்ளே தண்ணீர் கொதித்து சீல் போய்விடும். நிரந்தரத் தீர்வு, பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கடைசல் பிடிப்பது. விட்டத்தில் 5% குறைத்தால் சுமை கணக்குப்படி 14% குறையும். எவ்வளவு கடையலாம் என்பதைப் பம்புக் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துச் செய்யுங்கள்.

பிஸ்டன் பம்பு, கம்ப்ரசருக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே வால்வை மூடினால் சுமை ஏறி ஏதாவது உடையும்.

ஷாஃப்ட் வழியே தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் கிளாண்ட் கயிறு போட்ட பம்பில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு சொட்டுகூட ஒழுகக் கூடாதென்று நட்டை இறுக்கிவிடுவார்கள். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும்; அதுதான் கயிற்றையும் ஷாஃப்டையும் குளிர வைக்கிறது. நிறுத்திய பிறகு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். முக்கினால்தான் சுற்றுகிறது என்றால் இறுக்கம் அதிகம்.

## 9. காற்றும் தண்ணீரும்

மேலே ஓடும் மோட்டாரைக் குளிர வைப்பது பின்பக்க ஃபேன். ஃபேன் மூடியின் ஓட்டையில் தூசி, தென்னை நார், குளவிக்கூடு அடைத்திருக்கும். மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கை உடைந்திருக்கிறதா, ஷாஃப்டில் நழுவுகிறதா என்று பாருங்கள். உடம்பில் உள்ள பள்ளங்களில் மண் ஏறியிருந்தால் சுரண்டி எடுங்கள். மழைக்காக மோட்டாரின் மேல் சாக்கு போர்த்துபவர்கள் ஓடும்போது அதை எடுத்துவிட வேண்டும். மேலே ஒரு தகரக் கூரை போட்டால் மழைக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு.

சப்மெர்சிபிளுக்குக் கணக்கு வேறு. தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரில்தான் அந்த மோட்டார் குளிர்கிறது. போர்வெல் மோட்டாரைத் திறந்த கிணற்றிலோ தொட்டியிலோ இறக்கினால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மோட்டாரை உரசிக்கொண்டு ஓட்டம் இருக்காது. அப்படி இறக்குவதானால் சுற்றிலும் குழாய் உறை போட்டு, தண்ணீர் மோட்டாரைக் கடந்து மேலே வரும்படி செய்ய வேண்டும். போர் அடியில் மண்ணில் புதைந்து நிற்பதும் இதே கதைதான். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரை இறக்குமுன் உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள்.

## 10. பேரிங்

இதை இவ்வளவு பின்னால் வைத்திருப்பதற்குக் காரணம், மோட்டார் முழுவதும் சூடாவதற்குப் பேரிங் காரணமாக இருப்பது குறைவு. பேரிங் கோளாறு என்றால் நடு உடம்பைவிட முனை மூடி கூடுதலாகச் சுடும், சத்தமும் மாறும்.

கிரீஸ் குறைவதைவிட அதிகமாவதால் சூடாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. பேரிங் உட்காரும் கூட்டின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். நிறைத்துவிட்டால் கிரீஸ் கடைபட்டே சூடாகிவிடும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காயவைத்து, பிறகு புதிது வையுங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள். இருபக்கமும் மூடிய பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும் வேலையே இல்லை.

## 11. ஓவர்லோடு ரிலேயைச் சரியாக வையுங்கள்

ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அடிக்கடி தட்டுகிறது என்று டயலை ஏற்றி வைப்பது, அதற்கும் மேலே போய் ஒயர் போட்டு ரிலேயைத் தாண்டிவிடுவது: எரிந்த மோட்டார்களின் ஸ்டார்ட்டரைத் திறந்தால் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம். ரிலே தட்டினால் 4ஆம் படிக்குப் போய் அளக்க வேண்டும்.

நேரடி ஸ்டார்ட்டரில் டயலைப் பிளேட் ஆம்பியரில் வையுங்கள். ஸ்டார் இணைப்பில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் பெரும்பாலும் ரிலே வைண்டிங்குக்குப் போகும் பாதையில் இருக்கும். அங்கே லைன் ஆம்பியரில் 58% மட்டுமே ஓடுகிறது. 14 ஆம்பியர் மோட்டாருக்கு டயல் 8.1இல் இருக்க வேண்டும். 14இல் வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஸ்டார்ட்டர் பெட்டி வெயிலில் காய்ந்தால் ரிலே சீக்கிரமே தட்டும். பெட்டியை நிழலுக்கு மாற்றுங்கள், டயலைத் தொடாதீர்கள். தட்டிய பிறகு தானாக ஓடும்படி ஆட்டோவில் விடாமல், கையால் ரீசெட் செய்யும்படி வையுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் ஆறேழு மடங்கு ஆம்பியர் இழுக்கிறது. அந்தச் சூடு இறங்குவதற்குள் மறுபடி மறுபடி போட்டால் நல்ல மோட்டாரும் கருகும்.

## 12. ஒரு ஃபேஸ் போவது

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போனால் அது நிற்காது. மீதி இரண்டில் ஓடும். முழுச் சுமையில் மீதி லைன்களில் ஆம்பியர் ஒன்றே முக்கால் மடங்கு அளவுக்கு ஏறும். டெல்டா மோட்டாரில் ஒரு ஃபேஸ் வைண்டிங் மட்டும் இரண்டு மடங்கு சுமக்கும்.

பாதிச் சுமையில் ஓடும்போது ஃபேஸ் போனால் இன்னும் வில்லங்கம். லைன் ஆம்பியர் பிளேட் அளவைத் தாண்டாததால் சாதாரண ரிலே கவனிக்காமல் விட்டுவிடும், உள்ளே ஒரு வைண்டிங் மட்டும் வெந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் தனியாக ஒன்று வேண்டும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகையை ஓடும் மோட்டாரே ஏமாற்றிவிடும். போன ஃபேஸில் மோட்டார் தானே வோல்டேஜ் உண்டாக்கும். கரண்டைப் பார்க்கும் வகையாக வாங்குங்கள்.

இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு ஓட்டுவது ஊரெல்லாம் நடக்கிறது. கன்டென்சரின் அளவு ஏதோ ஒரு சுமைக்குத்தான் பொருந்தும். மற்ற நேரத்தில் மூன்று வைண்டிங்கும் ஏற்றத்தாழ்வாகவே சுமக்கும். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வால்வைக் குறைத்து, ஆம்பியரைப் பார்த்து, கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். அதற்காகப் பிரிவென்டரைக் கழற்றிவிட்டு, மூன்று ஃபேஸ் வரும்போதும் அப்படியே விடுவதுதான் மோட்டாரைக் கொல்கிறது.

## 13. இத்தனைக்கும் பிறகுதான் வைண்டிங்

6ஆம் படியில் கோளாறு கீழே என்று தெரிந்து, 7ஆம் படியில் இணைப்பும் கான்டாக்டும் சரியாக இருந்தால் இப்போது காயிலைச் சந்தேகிக்கலாம். ஒயரை ஸ்டார்ட்டரிலிருந்து பிரித்துவிட்டு மெகர் போடுங்கள். பிரிக்காவிட்டால் பிரிவென்டரின் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது, முதலில் ஈரம் காயவைக்க வேண்டும். மெகர் நன்றாகக் காட்டுவதால் மட்டும் காயில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒரே காயிலுக்குள் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் மெகருக்குத் தெரியாது. அது 6ஆம் படி சோதனையில்தான் மாட்டும்.

எரிந்தே போயிருந்தால், பழைய காயிலை வெட்டி எறிவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் காயில்கள் கறுத்து ஒன்று புதிதுபோல் இருந்தாலும், டெல்டாவில் ஒன்று மட்டும் கறுத்து மற்ற இரண்டு நன்றாக இருந்தாலும், ஒரு ஃபேஸ் போனதுதான் காரணம். எல்லாமே ஒன்றுபோல் கறுத்திருந்தால் ஓவர்லோடு, குறைந்த வோல்டேஜ் அல்லது காற்றோட்டம். ஒரே இடத்தில் மட்டும் பொத்தல் விழுந்திருந்தால் அந்த இடத்தில் இன்சுலேஷன் போயிருக்கிறது.

ரீவைண்டிங் கடையில் பழைய கம்பியின் கேஜும் சுற்று எண்ணிக்கையும் எழுதி வாங்குங்கள். பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை (காயில் உட்காரும் இரும்புப் பகுதி) நெருப்பில் போட்டு வாட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள். இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு எரிந்துவிட்டால், புதுக் காயில் போட்டும் சும்மா ஓடும்போதே சூடாகும். வாங்கும்போது சுமை இல்லாமல் ஓட்டி மூன்று ஆம்பியரையும் பாருங்கள். முழுச்சுமை அளவில் 30 முதல் 50 சதவீதத்துக்குள், மூன்றும் சமமாக இருக்க வேண்டும். அந்த எண்களையும், பம்பில் மாட்டித் திசை சரிபார்த்த பிறகு வரும் ஓட்ட ஆம்பியரையும் ஸ்டார்ட்டர் மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்.